நான் திருத்திய ஒரு வரி

அன்னூரிலிருந்து கோவைக்குப் போகும் சாலையில், நூற்பாலைகளுக்கும் சோளக்காடுகளுக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. பதினொன்றும் பன்னிரண்டும் என் வகுப்புகள். எங்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர் கணக்கு டீச்சர், அறிவியல் சொல்லிக்கொடுப்பவர் சயின்ஸ் டீச்சர். தமிழ் சொல்லிக்கொடுப்பவளை மட்டும் தமிழம்மா என்பார்கள். பஸ் ஸ்டாப்பிலும் மளிகைக் கடையிலும், ஏன், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட, "தமிழம்மா, நல்லாருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிறோமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் பதினொன்றாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'நான் கண்ட இயற்கைக் காட்சி' என்பது கட்டுரைத் தலைப்பு. நாற்பத்திரண்டு தாள்களிலும் ஒரே அருவி. வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே கைடிலிருந்து கொட்டிய தண்ணீர். மறுநாள் வகுப்பில், "அந்த அருவிய நேர்ல பார்த்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி எழுந்து, "போட்டோவுல பார்த்திருக்கனுங்கம்மா" என்றான்.

அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அருவியை எழுதினால் மார்க் வரும் என்று சொல்லிக்கொடுத்ததே எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அவர்களுக்குப் பெயருக்கு விளையாட்டு. பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டால் மைதானத்துக்கு விடமாட்டார்கள். வகுப்பிலேயே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பீரியடை எனக்குத் தரச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன்.

"என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார்.

"எழுத வெக்கப் போறனுங்க சார். சொந்தமா."

"பரீட்சைக்கு வருமுங்களா?"

"வராதுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிசல்ட் கொறஞ்சுபோட்டா மேல இருந்து என்னையத்தான் கேப்பாங்க. பார்த்துக்கங்க" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் சில சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டேன். தெய்வம், தேவதை, வானவில், கண்ணீர், இதயம், முத்து. இந்தச் சொற்கள் வரக்கூடாது. காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். பார்த்ததை மட்டும். அழகாக இருந்தது, பாவமாக இருந்தது என்றெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதல் வாரம் ஆளுக்கு மூன்று வரி வந்தது. இரண்டாம் வாரமும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரத் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து படித்தபோது அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி எழுதியிருந்தாள்: அப்பாவின் வேலைச் சட்டையெல்லாம் நெருப்புத் துளி பட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கும், அது கொடியில் காயும்போது அந்த ஓட்டைகள் வழியே எதிர்வீடு தெரியும். கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பையன், லாரி வந்து நின்றதும் பண்ணைக் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தத்தை நிறுத்திக்கொள்ளும் என்று எழுதியிருந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற இன்னொருவன், தன் அப்பா பிள்ளைகளைத் தெலுங்கிலும் டிராக்டர் மெக்கானிக்கைத் தமிழிலும் திட்டுகிறார், மாட்டை மட்டும் இரண்டு மொழியிலும் திட்டுகிறார் என்று எழுதியிருந்தான். அந்தத் தாள்களைத் திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெருமை தாங்கவில்லை. இவர்களா அருவியை எழுதியவர்கள் என்று இருந்தது.

நான் சொல்லவந்த பெண் மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். அவளுடைய அப்பா பக்கத்து நூற்பாலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தார். மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருக்கும் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில்தான் படித்தாள். இப்போது எங்கள் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் அப்படி இருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அவளை 'இந்திக்காரி' என்று கூப்பிடுவதை ஒருநாள் கேட்டேன். அவர்களை அதட்டப் போனபோது அவள் தடுத்துவிட்டாள்.

"உடுங்கம்மா. எனக்கு இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாதுங்க. எங்கூட்ல பேசறது ஒடியாங்க. எத்தன தடவ சொன்னாலும் இவிங்களுக்குப் புரியமாட்டேங்குது" என்றாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்போது பாதி மறந்துவிட்ட கொங்குப் பேச்சு அவள் வாயில் சுத்தமாக வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவள் எழுதித் தந்தவை அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தன. பிழையில்லாத தமிழ், சின்னச் சின்ன வாக்கியங்கள். அவளை நான் தனியாகக் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், பாடப்புத்தகத்திலிருந்த ஒரு பழைய அகப்பாட்டை நடத்தினேன். பொருள் தேடத் தலைவன் வறண்ட காட்டு வழியே வேற்றூர் போய்விட்டான். தலைவி வீட்டில் உருகிக்கொண்டிருக்கிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள்: கார்காலம் வந்துவிட்டது, அவன் சொன்ன சொல் தவறமாட்டான், வந்துவிடுவான். பாட்டு அவ்வளவுதான். சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் சொல்லி முடித்த பிறகு, வெள்ளிக்கிழமைப் பழக்கம் தொற்றிக்கொண்டதால், "இந்தப் பாட்டுல பேச வாய்ப்பே கெடைக்காதவங்க யாரு?" என்று கேட்டேன்.

"தலைவனுங்க" என்றார்கள் நிறையப் பேர்.

"அந்தக் காடுங்க" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். "தோழிங்கம்மா."

"தோழிதான கண்ணு பேசறா? முழுப் பாட்டும் அவ பேச்சுத்தான."

"பேசறாளுங்க. ஆனா தலைவியப் பத்தியேதானுங்க பேசறா. அவளுக்கும் ஊட்டுக்காரர் இருந்து, அவரும் எங்காச்சும் போயிருக்கலாமுல்லங்க? அவளுக்கு யாருங்கம்மா ஆறுதல் சொல்றது?"

நான் எம்.ஏ. படித்தவள். இருபத்து மூன்று வருடங்களாக இந்த மாதிரிப் பாட்டுகளை நடத்தி வருகிறேன். தோழி எத்தனை வகையாகப் பேசுவாள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். அவளுக்கு ஒரு வீடு உண்டா, அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"தெரியல அம்மணி" என்றேன். "பாட்டுல அது இல்ல. நீ வேணும்னா எழுதிக் கொண்டுவா."

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். 'தோழி' என்று தலைப்பு வைத்திருந்தாள். தலைவியும் காடும் அதில் இல்லை. அவள் பிறந்த ஊர் இருந்தது. அப்பா முதலில் தனியாகக் கோவைக்கு வேலைக்கு வந்துவிட, அவளும் அம்மாவும் இரண்டு வருடம் அங்கேயே இருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தினமும் மத்தியானம் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள். அறுப்பு முடிந்ததும் வந்துவிடுவார், திருவிழாவுக்குள் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே வாருவாள். அந்த அக்காவின் கணவரும் வேறேதோ நகரத்துக்கு வேலைக்குப் போனவர்தான். அவரிடமிருந்து போனும் இல்லை, தகவலும் இல்லை. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. பிறகு அப்பா வந்து அம்மாவையும் அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறார். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

'நாங்க கெளம்புன அன்னிக்கு அந்த அக்கா வெளிய வரல. கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள நெல்லு பொடைக்கற சத்தம் கேட்டுச்சு. நாங்க தெரு திரும்பற வரைக்கும் அந்தச் சத்தம் நிக்கல.'

முழுக்கவும் அவள் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தாள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆசிரியர் வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு மாணவியின் எழுத்து என்னை அப்படி நிற்க வைத்தது அதுதான் முதல் தடவை.

இனி வருவதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

கோவையில் இருக்கும் ஓர் இலக்கிய அமைப்பு பள்ளி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தது. அவளைக் கேட்டு, அவள் சரி என்றதும், கதையை டைப் செய்ய அன்னூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே உட்கார்ந்து பிழை பார்க்கும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. நெல் புடைக்கிற சத்தத்தோடு கதை நின்றுவிடுகிறதே, முடிவு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ? கடைசியில் கொஞ்சம் கனமாக ஏதாவது இருந்தால் நடுவர்களின் மனதில் நிற்குமே? அந்த இடத்திலேயே கடைசி வரியை எடுத்துவிட்டு நான் ஒன்றை எழுதிச் சேர்த்தேன்: 'நாங்கள் தெருமுனை திரும்பும் வரை, அவளுக்குப் பதிலாக அந்த வாசற்கதவு எங்களைப் பார்த்துக் கண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது.'

அப்போது அது எனக்கு அழகாகத்தான் பட்டது. அவளிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. அச்சான பிரதி ஒன்றை மறுநாள் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்கம்மா" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அமைப்பிலிருந்து போன் வந்தது. கதை கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது, ஆனால் நடுவர்களுக்கு ஒரு சந்தேகம், சனிக்கிழமை காலையில் மாணவியை அழைத்துக்கொண்டு நேரில் வரவேண்டும் என்றார்கள்.

"என்ன சந்தேகமுங்க?" என்று கேட்டேன்.

"வாங்க டீச்சர், நேர்ல பேசிக்கலாமுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அவளுடைய அப்பாவுக்கு அன்று பகல் ஷிஃப்ட். அதனால் அம்மா கூட வந்தார். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். 'வாங்க', 'போதும்', 'நாளைக்கு' என்று கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தமிழ் தெரியும். காந்திபுரம் வரை பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகளைத் தொட்டுத் தொட்டு ஏதோ கேட்டபடியே வந்தார்.

அந்த அமைப்பின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. அம்மாவை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் கதைகள் எழுதுகிறவர், நடுவயதுக்காரர். மற்றவர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி.

எழுத்தாளர்தான் முதலில் பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். பொண்ணு பேரு, அப்பா பேரு எல்லாம் பார்த்தோம். வெளி மாநிலத்துக்காரங்க. ஆனா கதையில கொங்குப் பேச்சு அவ்வளவு சுத்தமா இருக்குது. பெரியவங்க யாரோ எழுதிக் குடுத்திருப்பாங்களோன்னு ஒரு கேள்வி வந்துபோச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ ஒண்ணாம் வகுப்புல இருந்து தமிழ்தானுங்க படிக்கறா. அப்பா பேர வெச்சு எப்படிங்க முடிவு பண்ணுவீங்க? பக்கத்துல உக்காந்துதான இருக்கறா, நீங்களே பேசிப் பாருங்க."

பேராசிரியர் கையை உயர்த்தினார். "எனக்கு அந்தச் சந்தேகமே இல்ல டீச்சர். பேச்செல்லாம் இந்தப் புள்ளயோடதுதான். எனக்குக் கடைசி வரியிலதான் சந்தேகம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வாசித்தார். என் வரி. அந்த அறையில், வேறொருவர் குரலில் கேட்கும்போது அது எவ்வளவு பொய்யாக இருந்தது என்பதை என்னால் சொல்லவே முடியாது.

"நாலு பக்கம் ஒருத்தரக்கூட அழ வெக்காம எழுதிப்போட்டு, கடைசியில ஒரு கதவ எதுக்கு அழ வெக்கறா?" என்றார். "இது யார் எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தானுங்க எழுதுனேன். அந்த வரியும் நான்தானுங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண், எனக்காக, கொஞ்சமும் தடுமாறாமல் பொய் சொன்னாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். இதை எழுதும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஒரு நொடி நான் பேசாமல்தான் இருந்தேன்.

"இல்லீங்க" என்றேன் பிறகு. "அந்த வரி நான் மாத்துனது. அவளக் கேக்காம மாத்திப்போட்டேன். அவ எழுதுனது வேற. தப்பு என்னோடதுங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்ப நீ எழுதுன கடைசி வரி என்ன கண்ணு?"

அவள் எழுந்து நின்று மனப்பாடமாகச் சொன்னாள். நெல் புடைக்கிற சத்தம். தெரு திரும்புகிற வரைக்கும் நிற்காத சத்தம். பேராசிரியர் தலையை மெல்ல ஆட்டினார். எழுத்தாளர் மட்டும் விடவில்லை. திருத்தம் நடந்திருப்பதால் இங்கேயே உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதித் தரட்டும், அப்போதுதான் போட்டியில் வைத்துக்கொள்ள முடியும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. எதைப் பற்றி எழுதுவது என்று அவள் கேட்டாள். "இன்னிக்கு இங்க வந்தியே, அதப் பத்தி எழுது" என்றார் பேராசிரியர்.

நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். நான் வராந்தாவுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கு அவர் மொழி தெரியாது. "நல்லா எழுதறா" என்று சைகையும் தமிழுமாகச் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அவலும் வெல்லமும். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். என்னையும் உள்ளே கூப்பிட்டு, பேராசிரியரே சத்தமாக வாசித்தார். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'இதுதானா?' என்று கேட்கிற அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மாவை வெளியே உட்கார வைத்ததைப் பற்றி எழுதியிருந்தாள். முடிவில் இப்படி இருந்தது: 'எங்க தமிழம்மா உண்மையச் சொன்னப்ப அவிங்க குரல் நடுங்குச்சு. நான் பொய் சொன்னப்ப என்ற குரல் நடுங்கல. அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.'

எழுத்தாளர் அந்தத் தாளை வாங்கி இரண்டாவது தடவை தானே படித்தார். பிறகு எழுந்து அவள் அருகில் வந்து, "மன்னிச்சுக்கம்மா. உன்ற அப்பா பேரப் பார்த்து நாங்க அப்படி நெனச்சிருக்கக் கூடாது" என்றார். கையோடு வராந்தாவுக்குப் போய் அம்மாவை உள்ளே வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் மீது எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தோம்.

"எதுக்கு கண்ணு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க அவிங்க முன்னால தல குனிஞ்சு உக்காந்திருக்கறது எனக்குப் புடிக்கலீங்கம்மா."

"நான் வரிய மாத்துனது அன்னிக்கே தெரிஞ்சுதில்ல? ஏன் கேக்கல?"

"போட்டிக்கு அப்படித்தான் வேணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க." பிறகு மெதுவாக, "ஆனா ஒண்ணுங்கம்மா. கண்ணீருன்னு எழுதக் கூடாதுன்னு கோடு போட்டது நீங்கதானுங்க" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கேட்டேன்.

கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, அவள் எழுதிய முடிவோடு. முதல் பரிசு பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு. அந்தக் கதையையும் படித்தேன். முதல் பரிசுக்குத் தகுந்த கதைதான். பரிசளிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுடைய அப்பா மில்லில் லீவு சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தலைமை ஆசிரியரும் வந்து, யாரும் கூப்பிடாமலேயே முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பிலிருந்து பதினைந்து பேர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களில் அவளை இந்திக்காரி என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். அவள் மேடையில் ஏறும்போது அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

அவள் கதையை வாசித்தாள். நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல். கடைசி வரி முடிந்ததும் தலைமை ஆசிரியர் என் பக்கம் குனிந்து, "ஏனுங்க தமிழம்மா, இதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைப் பீரியட்லயா நடக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எனக்கென்று விழுந்த எந்தக் கைதட்டலும் அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கட்டடத்தின் பக்கவாட்டில் நிழலில் தாயும் மகளும் நின்று போனில் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போனேன். போன் திரையில் தலையில் முந்தானை போட்ட ஒரு பெண். கதையில் வந்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான். இவள் பரிசுக்கதைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் பார்த்து ஒடியாவில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஏதோ ஒன்று சொன்னார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பொடச்சது நெல்லு இல்லீங்களாமா. உளுந்தாமா. தப்பா எழுதிப்போட்டயேங்கறாங்க" என்றாள்.

அதன்பிறகும் அவர்கள் போனை அணைக்கவில்லை. நான் அங்கிருந்து நகர்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த என் பிள்ளைகளிடம் போய்விட்டேன்.

அடுத்த கல்வியாண்டில் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் 'எழுத்து' என்று தலைமை ஆசிரியரே தன் கையால் எழுதினார். ரிசல்ட் குறையவில்லை. பிள்ளைகள் இப்போது கையெழுத்திலேயே ஒரு பத்திரிகை கொண்டுவருகிறார்கள். இரண்டே பிரதிதான், ஒன்று நூலகத்துக்கு, ஒன்று எனக்கு. அவர்கள் எழுதும் வரிகளை நான் திருத்துவதில்லை. சரியில்லை என்று பட்டால் பென்சிலால் அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கூப்பிட்டுக் கேட்கிறேன். பாதி நேரம் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளை நர்ஸிங்கில் சேர்க்கலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். அப்பா என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். நான் எதையும் சிபாரிசு செய்யவில்லை. என்ன படிப்பது என்பது அவள் சொல்லவேண்டியது என்று மட்டும் சொன்னேன். அவள் சொல்லிவிட்டாள். இந்த ஜூன் மாதம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கோவையில் ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பம். தாய்மொழி என்ற இடத்தில் 'ஒடியா' என்று எழுதியிருந்தாள். அதற்கு நான்கு வரி கீழே, விரும்பும் பாடம் என்ற இடத்தில் 'பி.ஏ. தமிழ்'. இரண்டையும் ஒரே அழுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

அன்று மதியம் ஆசிரியர் அறையில் அந்தப் போட்டோவை எல்லோருக்கும் காட்டினேன். கணக்கு டீச்சருக்கு மட்டும் மூன்று தடவை காட்டிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாவது தடவை அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, போனைக் கையில் வாங்கி, முதல் தடவை பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார்.